முக்கால் டாலர் கணக்கு



டெல்லியில் எய்ம்ஸ் என்று ஒரு பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ நோயாளிகள் ரயில் ஏறி அங்கே வருகிறார்கள். 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி அங்கே கம்ப்யூட்டர்கள் நின்று போயின. சீட்டுப் போடும் இடத்தில் பெயரைக் கையால் எழுதினார்கள். பரிசோதனை முடிவையும் பில்லையும் கையால் எழுதினார்கள். வரிசை நீண்டுகொண்டே போனது. கிட்டத்தட்ட இரண்டு வாரம் இப்படியே ஓடியது.

என்ன நடந்தது? யாரோ வெளியாள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, அதில் இருந்த விவரங்களை யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டான்.  வீட்டுக்காரரின் பெட்டியை வீட்டுக்குள்ளேயே வைத்து, தன் பூட்டைப் போட்டுவிட்டான். ஐந்து பெரிய கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன என்று அரசு பாராளுமன்றத்தில் சொன்னது. அதற்கான காரணத்தையும் சொன்னது. கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்கவில்லை என்பதுதான் அந்தக் காரணம்.

இதை வீட்டை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு வீட்டில் ஐந்து அறைகள். அறைக்கு அறை கதவு இருந்தால், திண்ணைக்கு வந்த திருடன் திண்ணையோடு நிற்பான். உள்கதவே இல்லாவிட்டால், ஓர் அறைக்குள் வந்தவன் எல்லா அறைக்கும் வந்த மாதிரிதான். கம்ப்யூட்டர்களும் அப்படித்தான்.

இந்த உள்கதவுகளை வைப்பவர் யார்? யாருக்கு எந்தச் சாவி என்று தீர்மானிப்பவர் யார்? நேற்று இரவு உள்ளே வந்தது யார் என்று காலையில் பார்ப்பவர் யார்? அவருக்கு சிஸ்டம் அட்மின் என்று பெயர். கம்ப்யூட்டர் நிர்வாகி என்று சொல்லலாம். இவருடைய பெயர் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடினால் இவர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் "ஹேக்கிங் படிக்கப் போகிறேன்" என்கிறார்கள். சினிமாவில் பார்த்திருப்பார்கள். ஓர் இளைஞன் இருட்டு அறையில் உட்கார்ந்து படபடவென்று தட்டுவான். அரை நிமிடத்தில் பேங்க் திறந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, "முப்பது நாளில் ஹேக்கர் ஆகலாம்" என்ற விளம்பரத்தையும் பார்த்தால் பிள்ளைக்கு ஆசை வரத்தானே செய்யும்? அப்பா கடன் வாங்குகிறார். அம்மா கம்மலை அடகு வைக்கிறார். அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு. முதலில் ஒரு கதை. நடந்த கதைதான்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்ற ஊர் இருக்கிறது. அங்கே மலை மேல் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு அங்கே கிளிஃபோர்ட் ஸ்டோல் என்பவர் வேலை பார்த்தார். வயது 36. வானத்து நட்சத்திரங்களைப் பற்றிப் படித்தவர். கம்ப்யூட்டர் அவருடைய படிப்பு அல்ல. வானியல் வேலைக்கு வந்த பணம் தீர்ந்து போனதால், அவரைக் கீழ்த்தளத்தில் இருந்த கம்ப்யூட்டர் பிரிவுக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தவுடன் ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் நேரத்துக்கு வாடகை உண்டு. யார் எத்தனை நேரம் பயன்படுத்தினார் என்று கணக்கு எழுதி, அந்தப் பிரிவிடம் பணம் வாங்குவார்கள். அந்த மாதக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அதாவது முக்கால் டாலர். பெரிய ஆராய்ச்சிக்கூடத்துக்கு இது ஒரு தொகையா? இருந்தாலும், "ஏன் உதைக்கிறது, பார்" என்று மேலதிகாரி சொன்னார். புதிய ஆளுக்குப் பழக்கம் வரட்டும் என்று கொடுத்த வேலை.

ஸ்டோல் உட்கார்ந்து பார்த்தார். கூட்டல் தவறா? இல்லை. கணக்கு எழுதும் நிரலில் தவறா? அதுவும் இல்லை. பட்டியலில் ஹண்டர் என்று ஒரு பெயர் இருந்தது. அந்த ஆள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் பில்லை எங்கே அனுப்புவது என்ற முகவரி இல்லை. அங்கே அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவும் தெரியாது. ரேஷன் கடைப் பதிவேட்டில் ஊரில் இல்லாத ஒருவர் பெயருக்குச் சர்க்கரை போயிருந்தால் எப்படி இருக்கும்? அது மாதிரி.

அந்தப் பெயரை நீக்கினார். வேலை முடிந்தது என்று நினைத்தார். சில நாளில் வேறு ஊரிலிருந்து தகவல் வந்தது. "உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து யாரோ எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்தார்கள்" என்றார்கள். அப்போதுதான் விஷயம் பெரியது என்று புரிந்தது.

கதவை உடனே அடைத்திருக்கலாம். ஆனால் வந்தவன் யார், எங்கிருந்து வருகிறான், எந்த ஓட்டை வழியாக வருகிறான் என்று தெரியாமல் அடைத்தால் என்ன பயன்? நாளை வேறு ஓட்டை வழியாக வருவான். எனவே கவனிப்பது என்று முடிவு செய்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, மேசை மேசையாகப் போய் அச்சு இயந்திரங்களை எடுத்து வந்தார் ஸ்டோல். கேட்டு எடுத்தாரா என்பது வேறு கதை. வெளியிலிருந்து வரும் ஏறத்தாழ 50 தொலைபேசி வழிகளுக்கும் ஒவ்வொன்றை மாட்டினார். எந்த வழியில் யார் என்ன தட்டினாலும் காகிதத்தில் அச்சாகும். அவர் அங்கேயே தரையில் படுத்துத் தூங்கினார்.

வந்தவன் மாட்டினான். அவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் வந்தது. அதைப் படித்தபோதுதான் அவன் செய்த தந்திரம் தெரிந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் கடிதங்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும் சின்ன நிரல் ஒன்று இருந்தது. தபால்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் வாசலில் கடிதம் போட்டால் போதும். ஆனால் அந்த நிரலை அமைத்தபோது, வீட்டின் எல்லா அறைச் சாவியையும் அதற்குக் கொடுத்துவிட்டார்கள். எதை எங்கே வைக்கிறோம் என்று அது பார்ப்பதும் இல்லை. இது போதாதா? வந்தவன் தன் பொய் நிரல் ஒன்றைக் கடிதம் போல் அதன் கையில் கொடுத்தான். அது கொண்டுபோய் நிர்வாகியின் அறையில் வைத்துவிட்டது. அந்த அறையில் ஒரு வேலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும். அந்த வேலையின் இடத்தில் பொய் நிரல் போய் உட்கார்ந்தது. கம்ப்யூட்டரே அதை எடுத்து ஓட்டியது. அவ்வளவுதான், வந்தவன் முழு நிர்வாகி ஆகிவிட்டான்.

காக்கைக் கூட்டில் குயில் முட்டை இடும் என்று எல்லாருக்கும் தெரியும். காக்கை தன் முட்டை என்று நினைத்து அடைகாக்கும். அமெரிக்காவில் காக்கைக் கூடு இல்லாமல் வேறு பறவைகளை வைத்துச் சொல்வார்கள். ஸ்டோலும் அப்படித்தான் நினைத்தார். பின்னால், 1989-இல், இந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதியபோது அதற்குக் 'குயில் முட்டை' என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த நிரல் கெட்ட நிரல் அல்ல. உலகம் முழுவதும் பலர் பயன்படுத்தியதுதான். தேவைக்கு மேல் அதிகாரம் கொடுத்ததுதான் தவறு. எந்தக் கோப்பு யாருடையது, யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் ஓட்டலாம் என்பது நிர்வாகிக்கு முதல் பாடம். அரிச்சுவடி மாதிரி. அது தெரியாதவருக்கு இந்தத் தந்திரத்தைச் சொன்னாலும் புரியாது. தெரிந்தவருக்கோ, பார்த்தவுடன், "அடடா, இதற்கு ஏன் இந்தச் சாவி?" என்று கேட்கத் தோன்றும். ஹேக்கிங் என்று தனியாக ஒரு மந்திரம் கிடையாது. கம்ப்யூட்டரின் சாதாரண வேலையை நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் அது தவறாக ஓடும் இடம் கண்ணில் படும்.

வந்தவன் பெர்க்லியோடு நிற்கவில்லை. அங்கிருந்து ராணுவக் கம்ப்யூட்டர்களைத் தேடிப் போனான். கிட்டத்தட்ட 450 கம்ப்யூட்டர்களின் கதவைத் தட்டினான். முப்பதுக்கும் மேற்பட்டவை திறந்தன. எப்படித் திறந்தன? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனி வைத்து அனுப்பிய கடவுச்சொல்லைச் சிலர் மாற்றவே இல்லை. சிலர் 'விருந்தாளி' என்ற பெயருக்கு 'விருந்தாளி' என்றே கடவுச்சொல் வைத்திருந்தார்கள். சிலர் கடவுச்சொல்லைக் கடிதத்தில் எழுதி அதே கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்கள். அவன் ஒவ்வொரு கதவாகப் பொறுமையாகத் தட்டினான். அந்தப் பொறுமை காவல் காத்தவர்களிடம் இல்லை.

ஸ்டோலிடம் இருந்தது. வானியல்காரர்கள் இரவில் கண்டதை மணியோடு எழுதி வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். எத்தனை மணிக்கு வந்தான், என்ன தட்டினான், யாருக்குப் போன் செய்தோம், அவர் என்ன சொன்னார், எல்லாம். இந்த விஷயத்தைப் பற்றி யாருக்கும் கம்ப்யூட்டரில் கடிதம் அனுப்பவில்லை. வந்தவன் படித்துவிடுவான் அல்லவா? போனிலும் நேரிலும்தான் பேசினார்கள். வந்தவன் முக்கியமான கோப்பு எதையாவது எடுக்கப் போனால், ஸ்டோல் தன் சாவிக்கொத்தை இணைப்புக் கம்பிகளின் மேல் உரசுவார். எழுத்துக்கள் குழம்பிப் போகும். போன் லைனில் இரைச்சல் என்று நினைத்து வந்தவன் விட்டுவிடுவான்.

போலீசிடம் போனார்கள். நஷ்டம் எவ்வளவு என்று கேட்டார்கள். முக்கால் டாலர் என்றதும் யாருக்கும் அக்கறை வரவில்லை.

வந்த வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போவதுதான் அடுத்த வேலை. இங்கேதான் நெட்வொர்க் அறிவு வருகிறது. கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும் பாதை ஒரே கம்பி அல்ல. வெளியூர்ப் பயணம் மாதிரி பல இடத்தில் வண்டி மாறும். ஒவ்வொரு நிலையத்திலும், "இவன் எந்த வண்டியில் வந்தான்?" என்று கேட்டால்தான் முந்தின ஊர் தெரியும். பெர்க்லியிலிருந்து பக்கத்து ஊரான ஓக்லாந்து. அங்கிருந்து நாட்டின் மறுகோடியில் விர்ஜீனியா மாநிலம். அங்கே ராணுவ வேலை செய்யும் ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் வழியாக அவன் புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தான். அவன் பேசிய போனுக்கெல்லாம் அந்த நிறுவனமே பில் கட்டியது. யாரும் கவனிக்கவில்லை! அதற்கும் முந்தின ஊர் கடல் தாண்டி, ஜெர்மனியில், ஹனோவர் நகரம்.

அங்கே பழைய காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஓர் அழைப்பு எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பார்க்க, ஊழியர் ஒருவர் கம்பியைத் தொடர்ந்து போய்க் கையால் தேட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வந்தவனோ சில நிமிடத்தில் போய்விடுவான். என்ன செய்வது?

1987 ஜனவரியில் ஒரு பொறி வைத்தார்கள். யோசனை சொன்னவர் ஸ்டோலின் தோழி. ராணுவ ரகசியம் போலத் தோன்றும் பொய்க் கோப்புகளை எழுதிப் பெர்க்லி கம்ப்யூட்டரில் வைத்தார்கள். பக்கம் பக்கமாக அலுவலக மொழியில் எழுதினார்கள். படித்து முடிக்கவே நேரமாகும். வந்தவன் அதைப் பார்த்தான். ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்து படித்தான். ஹனோவர் ஊழியர் கம்பியின் முனையைக் கண்டுபிடித்துவிட்டார்.

அவன் பெயர் மார்க்கஸ் ஹெஸ். அவனும் கூட்டாளிகளும், எடுத்த விவரங்களைச் சோவியத் உளவுத் துறைக்கு விற்றார்கள். 1990-இல் ஜெர்மன் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. ஆனால் சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்தது. அந்தத் தீர்ப்பு லேசானது என்று பலருக்கும் தோன்றலாம்.

இந்தக் கதையில் ஸ்டோல் யாருடைய கம்ப்யூட்டரையும் உடைத்துக்கொண்டு நுழையவில்லை. திருப்பித் தாக்கவும் இல்லை. கணக்குப் பார்த்தார், காகிதம் படித்தார், பாதையைப் பின்தொடர்ந்தார். பாதுகாப்பு வேலையில் பெரும்பகுதி இன்றும் இதுதான்.

இப்போது நம் பிள்ளைகளிடம் வருவோம். இந்தத் தொழிலைக் கற்க விரும்பும் பிள்ளை எங்கே தொடங்குவது? லினக்ஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை நிரல் அது. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் ஒருவர் தொடங்கியது. இன்று உலகத்தின் பெரிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை அதில்தான் ஓடுகின்றன. காசு கொடுத்து வாங்க வேண்டாம். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். அதைப் போட்டு, நான்கு பேருக்குக் கணக்குத் திறந்து, யாருக்கு எந்தச் சாவி என்று பிரித்துக் கொடுத்துப் பழகலாம். அதுவே முதல் மாத வேலை. பிள்ளைக்குச் சலிப்பாக இருக்கும். "ஹேக்கிங் எப்போது?" என்று கேட்பான். கேட்கட்டும்.

பிறகு நெட்வொர்க். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கதவு எண் மாதிரி ஓர் எண் உண்டு. அந்த வீட்டில் 65,535 வரை எண் போட்ட வாசல்கள் இருக்கலாம். இணையப் பக்கங்களுக்கு 80, 443. நிர்வாகி தூரத்திலிருந்து நுழைய 22. திறந்திருக்கும் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் இல்லாத வாசலை அடைத்துவிட வேண்டும். எந்த வாசல் திறந்திருக்கிறது என்று பார்க்க என்மேப் என்ற கருவியும், கம்பியில் என்ன போகிறது என்று பார்க்க வயர்ஷார்க் என்ற கருவியும் இருக்கின்றன. இரண்டுமே இலவசம்.

எதிக்கல் ஹேக்கிங் இவற்றுக்குப் பிறகு வருகிறது. அது என்ன? பஸ் நிலையத்தின் ஓரத்தில் மாற்றுச்சாவி செய்கிறவர் உட்கார்ந்திருப்பார். சாவி தொலைந்துவிட்டால் அவரைக் கூப்பிடுகிறோம். வந்து பூட்டைத் திறக்கிறார். கூலி வாங்கிக்கொண்டு போகிறார். அவருக்கும் திருடனுக்கும் கைவேலை ஒன்றுதான். வீட்டுக்காரர் கூப்பிட்டாரா இல்லையா என்பதுதான் வித்தியாசம். எதிக்கல் ஹேக்கரும் கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகே சோதிப்பார். எந்தக் கதவைச் சோதிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் அந்த எழுத்தில் இருக்கும். கண்ட ஓட்டையைச் சொந்தக்காரரிடம் சொல்வார், வெளியே சொல்ல மாட்டார்.

பழகுவதற்கு வேறு யார் வீட்டுக் கதவும் வேண்டாம். ஒரே கம்ப்யூட்டருக்குள் இரண்டு மூன்று பொய்க் கம்ப்யூட்டர்களை உண்டாக்கிக்கொள்ளலாம். ஒன்றில் நிர்வாகியாக இருந்து காவல் காக்கலாம். இன்னொன்றிலிருந்து அதை உடைத்துப் பார்க்கலாம். உடைந்தால் நஷ்டம் இல்லை. அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

பக்கத்து வீட்டு வைஃபையில் விளையாட்டாகச் செய்து பார்த்தேன், பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் சும்மா நுழைந்து பார்த்தேன் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதைச் சும்மா என்று எடுத்துக்கொள்ளாது. சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் நுழைந்தால் 43-ஆம் பிரிவின்படி நஷ்டஈடு கட்ட நேரும். அதையே நேர்மையற்ற எண்ணத்தோடோ ஏமாற்றும் எண்ணத்தோடோ செய்தால் 66-ஆம் பிரிவு வரும். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது வயதுப் பிள்ளை மீது ஒரு வழக்கு இருந்தால், அப்புறம் எந்தக் கம்பெனி தன் சாவியை அவனிடம் கொடுக்கும்?

படிக்கப் பணம் கட்டத்தான் வேண்டுமா? தொடக்கத்துக்குத் தேவையில்லை. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழிலும் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்தும் நெட்வொர்க் பாடங்கள் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆங்கிலம் இல்லையே என்று இங்கே நின்றுவிட வேண்டாம். கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் கட்டளைகள் சின்னச் சின்ன ஆங்கில எழுத்துக்கள்தான். பழகப் பழகக் கைக்கு வந்துவிடும்.

பயிற்சி நிலையத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், அடகுக் கடைக்குப் போவதற்கு முன்னால் அங்கே ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். முதல் மாதம் என்ன சொல்லித் தருகிறீர்கள் என்று கேளுங்கள். லினக்ஸ், நெட்வொர்க் என்று சொன்னால் மேற்கொண்டு பேசலாம். முதல் நாளே ஒருவரின் கடவுச்சொல்லை உடைத்துக் காட்டினால், செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளையைச் சோதிக்கவும் ஒரு வழி இருக்கிறது. கம்ப்யூட்டர் தெரியாத அப்பாவும் அம்மாவும் இதைச் செய்யலாம். "நேற்று இந்தக் கம்ப்யூட்டருக்குள் யார் யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், காட்டு" என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் அதை ஒரு பதிவேட்டில் தானாகவே எழுதி வைத்திருக்கும். இரண்டு மாதம் ஒழுங்காகப் படித்த பிள்ளை உடனே திறந்து காட்டுவான். வரிசையாகப் பெயரும் நேரமும் வரும். தெரியாத பெயர் ஏதாவது இருந்தால், அது யாருடையது என்று அவனிடமே கேளுங்கள்.